முதலாளி மட்டும் பேசும் கூட்டம்

நமது வியாபாரிகளிடம் "உங்கள் கடையில் ஊழியர் கூட்டம் நடத்துவதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு விதமான பதில்கள்தான் வரும். "கூட்டமா? அதெல்லாம் பெரிய கம்பனிக்காரர்களின் வேலை. நமக்கு எங்கே நேரம்?" என்பது ஒன்று. "ஏன் இல்லை? மாதத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் கூப்பிட்டு நல்லாச் சொல்லி விடுவேன்" என்பது மற்றது. இந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத விரும்புகின்றேன். நேரத்துக்கு வர வேண்டும், பேனை ஓஃப் பண்ண வேண்டும், கைத்தொலைபேசியை நோண்டக் கூடாது என்று சொல்வதற்குக் கூட்டம் எதற்கு? ஒரு கடதாசியில் எழுதிக் கெஷியர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டி விட்டால் போதும். ஊழியர்களை ஒன்றாக உட்கார வைப்பது, நமக்குத் தெரியாத எதையாவது அவர்களிடமிருந்து கேட்டுக் கொள்வதற்காகத்தான் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இருக்கின்றார். பெயரும் தெருவும் வேண்டாம். பிளாஸ்டிக், அலுமினியப் பாத்திரங்களை வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகின்றவர். பதினாறு பேர் வேலை செய்கின்றார்கள். நம்மவர்கள் எல்லோரையும் போல அவருக்கும் பாதி வியாபாரம் கடனில், பின்திகதியிட்ட செக்கில்தான் ஓடுகின்றது. 2023 ஆம் ஆண்டில், பதினொரு வருடங்களாகச் சரக்கு எடுத்து வந்த வெளியூர் வாடிக்கையாளர் ஒருவரின் செக்குகள் ஒரே கிழமையில் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஆளனுப்பிப் பார்த்தபோது கடை பூட்டியிருந்தது. நிலுவை பதினான்கு இலட்சம் ரூபா.

அதற்குப் பிறகு நடந்த விசாரணைதான் முக்கியமானது. லொறிச் சாரதியைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னார், "ஒரு மாசமாவே தட்டெல்லாம் வெறுமையாத்தான் கிடந்திச்சு முதலாளி. முன்னுக்கு மட்டும் அடுக்கி வச்சிருந்தாங்க." சாரதியோடு போகும் உதவியாளப் பையனுக்கு இன்னொரு விடயம் தெரிந்திருந்தது. வேறொரு கொழும்புக் கம்பனியின் லொறி அங்கே வந்து, காசை எண்ணி வாங்கிய பிறகுதான் சரக்கு இறக்கியதை அவன் இரண்டு தடவை கண்டிருக்கின்றான். கணக்கறையில் இருக்கும் பெண்பிள்ளையோ, "செக்கை இரண்டு நாள் பிந்திப் போடச் சொல்லி அவர் மூன்று முறை கோல் எடுத்தார்" என்றாள். மூன்று துண்டுகளும் ஒரே கடைக்குள் மூன்று பேரின் மனதில் கிடந்தன. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். கடைசியாகப் போன நாலு இலட்சம் ரூபாச் சரக்கையாவது நிறுத்தியிருக்கலாம்.

"ஏன் அப்பவே சொல்லல்ல?" என்று நண்பர் சத்தம் போட்டிருக்கின்றார். சாரதி தலையைக் குனிந்து கொண்டு சொன்ன பதில், "நீங்க கேக்கல்லயே முதலாளி."

அந்த ஒரு மாதத்துக்குள் அவருடைய கடையில் இரண்டு கூட்டங்கள் நடந்திருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாவது கூட்டம் ஒன்றரை மணித்தியாலம். பேசியவர் ஒருவர்.

ஒன்றரை மணித்தியாலத்தின் விலையையும் கொஞ்சம் பார்ப்போம். ஓர் ஊழியருக்குச் சராசரியாக மாதம் 60,000 ரூபா கொடுப்பதாகவும், மாதத்துக்கு 200 மணித்தியாலம் வேலை என்றும் கணக்கு வசதிக்காக வைத்துக் கொள்வோம். ஒரு மணித்தியாலம் 300 ரூபா. பதினாறு பேர் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்தால் 7,200 ரூபா. தேநீர், ரோல்ஸ் செலவு தனி. 7,200 ரூபா கொடுத்து ஊழியர்களின் முகத்தைப் பார்த்துக் கொண்டு தான் பேசுவதைத் தானே கேட்டிருக்கின்றார் நமது நண்பர். ஒரு பொருளை வாங்கும்போது ஐந்து ரூபாவுக்குப் பேரம் பேசும் நாம், இந்தச் செலவை மட்டும் எழுதிப் பார்ப்பதில்லை.

ஆலோசனை கலப்பது நமக்கு மேல்நாட்டுக் கம்பனிகள் சொல்லித் தர வேண்டிய விடயமல்ல. அல்குர்ஆனில் ஷூரா என்ற பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கின்றது. முஃமின்கள் தமது காரியங்களைத் தமக்கிடையே கலந்தாலோசித்துச் செய்வார்கள் என்பது அதில் வரும் ஒரு பண்பு. ஜும்ஆப் பிரசங்கங்களில் இதைப் பல தடவை கேட்டிருக்கின்றோம். ஆனால் அந்த ஆலோசனைகள் எப்படி நடந்தன என்பதைக் கடைக்காரனின் கண்ணால் பார்த்தால் வேறு சில விடயங்களும் தெரிகின்றன.

பத்ரில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது ஹுபாப் இப்னுல் முன்திர் (ரழி) அவர்கள் வந்து, இது அல்லாஹ்வின் கட்டளையா அல்லது தங்களுடைய சொந்தத் திட்டமா என்று முதலில் கேட்டு அறிந்து கொண்டு, பிறகே கிணறுகளுக்குக் கிட்டிய இடத்துக்கு மாறும் யோசனையைச் சொன்னதாக ஸீரா நூல்களில் காண்கின்றோம். அது ஏற்றுக் கொள்ளப்பட்டது. அகழ் யுத்தத்தில் அகழி தோண்டும் யோசனை பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரழி) அவர்களுடையது. வெளியூர்க்காரர், அரபியரல்லாதவர். ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் நொந்து அசையாமல் இருந்தபோது வழி சொன்னவர் உம்மு ஸலமா (ரழி) அவர்கள், ஒரு பெண்மணி. உமர் (ரழி) அவர்களோ பத்ர் வீரர்களான மூத்தவர்களின் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களை உட்கார வைத்தார்கள். தகவலும் யோசனையும் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நமது கடைக் கூட்டத்தில் வெளியூர்க்காரன், பெண்பிள்ளை, பொடியன் ஆகிய மூவரும்தான் வாயைத் திறக்காமல் எழுந்து போகின்றவர்கள்.

ஹுபாப் (ரழி) அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியை நான் பல தடவை யோசித்திருக்கின்றேன். இது முடிந்த முடிவா, இன்னும் பேசலாமா என்பதுதான் அதன் சாரம். நமது ஊழியர்களின் மனதிலும் இதே கேள்விதான் இருக்கின்றது, வாய் விட்டுக் கேட்கத்தான் பயம். ஆகவே கூட்டத்தைத் தொடங்கும்போதே முதலாளி பிரித்துச் சொல்லி விட வேண்டும். "சம்பள நாளை மாற்றுவது முடிந்த விடயம், அதை அறிவிக்கின்றேன். கடன் கொடுக்கும் முறையை இன்னும் முடிவு பண்ணவில்லை, அதற்கு உங்கள் பேச்சு வேண்டும்." இப்படிச் சொன்னால் எதில் வாய் திறக்கலாம் என்பது அவர்களுக்கு விளங்கும். எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்துக் கொண்டு, "என்ன சொல்றீங்க?" என்று பேருக்குக் கேட்பதுதான் மிகவும் கெட்ட முறை. ஊழியர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், இரண்டாவது தடவையே கண்டுபிடித்து விடுவார்கள். அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் "சரி முதலாளி" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது.

இனி நடைமுறைக்கு வருவோம். தினமும் காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் பத்து நிமிடம் நின்ற நிலையிலேயே பேசுவது வேறு. விலை மாறிய சாமான், முடிந்து போன சாமான், அன்றைக்கு வரும் சரக்கு என்பவற்றை அதில் சொல்லி முடிக்கலாம். 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டிய காலத்தில் இந்தப் பத்து நிமிடம் இல்லாத கடைகளில் ஒரே பொருளுக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை, கெஷியரிடம் இன்னொரு விலை என்று வாடிக்கையாளர்களோடு சண்டையே நடந்தது. அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நான் சொல்வது கிழமைக்கு ஒரு முறை அல்லது இரண்டு கிழமைக்கு ஒரு முறை அரை மணித்தியாலம் உட்கார்ந்து பேசும் கூட்டத்தைப் பற்றியது.

எந்த நாள், எந்த நேரம்? ஞாயிறு மூடும் கடைகளுக்குத் திங்கட்கிழமை வெளியூர்க்காரர்களின் நாள், அன்று வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவோடு சுருங்கி விடும். சனி மாலை எல்லோருக்கும் ஊருக்குப் போகும் அவசரம். எங்கள் கடையில் செவ்வாய்க்கிழமை காலை 8.15 இலிருந்து 8.45 வரை. இரவு கடை பூட்டிய பிறகு கூட்டம் வைக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கின்றது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று களைத்தவன் மூளையைப் பாவிக்க மாட்டான், கடைசி பஸ்ஸைத்தான் நினைத்துக் கொண்டிருப்பான். பெண்பிள்ளைகள் இருந்தால் இரவில் வைக்கவே கூடாது. அதோடு சட்டமும் இருக்கின்றது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். முதலாளி கூப்பிட்ட கூட்டமும் வேலைதான். "அது வேலையில்லையே, சும்மா பேசினோம்" என்று சொல்வது தொழில் திணைக்களத்திலும் எடுபடாது, நாளை மறுமையிலும் எடுபடாது. செவ்வாய்க்கிழமை அரை மணித்தியாலம் முந்தி வருகின்றவர்களை அந்தக் கிழமைக்குள் முறை வைத்து அரை மணித்தியாலம் முந்தி அனுப்பி விடலாம். எங்களிடம் அப்படித்தான் நடக்கின்றது.

கூட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பு, பேசப் போகும் விடயத்தை எழுதி ஒட்ட வேண்டும். ஒன்று அல்லது இரண்டு விடயங்கள், அதற்கு மேல் வேண்டாம். எழுதும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. "கடன் வசூல்" என்று எழுதினால் ஊழியர் அதை ஒரு தலைப்பாக வாசித்து விட்டுப் போய் விடுவார். "வெளியூர்க் கடைகளில் யாருக்குச் சரக்கைக் குறைக்க வேண்டும்?" என்று கேள்வியாக எழுதினால் லொறியில் போகும்போதே அந்தக் கேள்வி கூடப் போகும். சிங்களச் சகோதரர்கள் வேலை செய்யும் கடையென்றால் சிங்களத்திலும் எழுத வேண்டும். பிள்ளைகள் யாராவது எழுதித் தருவார்கள், அதைப் பெரிய வேலையாக நினைக்கத் தேவையில்லை.

மொழி விடயத்தில் நமது கடைகளில் ஓர் அநியாயம் நடக்கின்றது. நாட்டாமிமாரில், சேல்ஸ் பகுதியில், வாகன ஓட்டுநர்களில் சிங்களம் பேசுகின்றவர்கள் இருப்பார்கள். கூட்டம் முழுக்கத் தமிழில் நடக்கும். அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்து விட்டு எழுந்து போவார்கள். பிறகு "அவனுக்கு ஒன்றும் விளங்காது" என்று நாமே சொல்லிக் கொள்வோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது மட்டும் போதாது. அவர் சிங்களத்தில் பேசுவதை எல்லோருக்கும் தமிழில் சொல்ல வேண்டும், நாம் தமிழில் பேசியதை நிறுத்தி நிறுத்தி அவருக்குச் சொல்ல வேண்டும். அரை மணித்தியாலம் முக்கால் மணித்தியாலம் ஆகும்தான். கண்டியிலோ குருநாகலிலோ அவருடைய ஊர் வாடிக்கையாளர்களைப் பற்றி அவருக்குத் தெரிவது நமக்கு ஒரு போதும் தெரியாது என்பதை நினைத்தால் அந்தக் கால் மணித்தியாலம் பெரிதல்ல. மலையகத்திலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்கு மொழி பிரச்சினையில்லை, நமது கூட்டத்தில் பேசலாமா என்ற தயக்கம்தான் பிரச்சினை. முதல் ஆறு மாதம் ஒரு சொல்லும் பேசாத மலையகப் பையன் ஒருவன்தான் எங்கள் ஸ்டோரில் எந்தப் பெட்டி எந்தக் காலத்தில் ஈரம் குடிக்கும் என்று பிறகு சொல்லித் தந்தான்.

கூட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பதை ஒரு சின்ன விடயமாக நினைத்து விடாதீர்கள். முதலாளி முதலில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லி விட்டால் கூட்டம் அங்கேயே முடிந்தது. மெனேஜர் அதைத் திருப்பிச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவரே முதலில் தன் முடிவைச் சொல்வது நெடுநாளைய மரபு. மேலதிகாரி சொன்னதைக் கேட்ட பிறகு கீழே உள்ளவர் மாற்றிச் சொல்ல மாட்டார் என்பதுதான் காரணம். நாமும் வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்தவரிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். மெனேஜர் கடைசிக்கு முந்தியவர், முதலாளி கடைசி. இது சொல்வதற்கு இலகு. நாற்பது வருடம் கல்லாவில் இருந்து பழகியவனுக்கு இருபது நிமிடம் வாயை மூடிக் கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பேனையும் கொப்பியும் கையில் வைத்துக் கொண்டு அவர்கள் சொல்வதை எழுதிக் கொண்டிருங்கள். கை எழுதினால் வாய் கொஞ்சம் சும்மா இருக்கும்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். ஸ்டோரில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பையனைப் பார்த்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் அவனுக்கு வியர்க்கும். தான் நினைப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் ஒரு கருத்தை உருவாக்க வேண்டும், அது பிழைத்தால் எல்லோரும் சிரிப்பார்கள். "இந்தக் கிழமை ஸ்டோரில் என்ன கண்டாய் மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டதைச் சொல்வதற்கு யாருக்கும் பயமில்லை. "அந்த நீலப் பேசன் பெட்டி போன பெருநாளிலிருந்து அங்கேயே கிடக்கு" என்பான். அதற்குள் நமது இரண்டு இலட்சம் ரூபா தூங்கிக் கொண்டிருக்கும். சாரதியிடம் "எந்தக் கடையில் தட்டு வெறுமையாகக் கிடந்தது?", கணக்கறையில் "யார் செக்கைப் பிந்திப் போடச் சொன்னது?", கவுண்டரில் "எந்தச் சாமானைக் கேட்டு வந்து இல்லையென்று திரும்பிப் போனார்கள்?" இந்த மூன்று கேள்விகளையும் கிழமை தவறாமல் கேட்கும் கடை, கணக்காளர் வருட இறுதியில் சொல்லப் போவதைப் பல மாதங்களுக்கு முன்பே தெரிந்து கொள்ளும்.

கணக்கறைப் பெண்பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கூப்பிடாத கடைகள் நம்மிடையே அதிகம். ஆண்கள் மத்தியில் அவர்களை உட்கார வைப்பது நல்லதில்லை என்று மரியாதைக்காகச் செய்கின்றோம். நோக்கம் நல்லதுதான், ஆனால் விளைவு என்ன? பணம் வருவதையும் போவதையும் முதலில் காண்பவர் சபையில் இல்லை. இரண்டு பேராக, வசதியாக, தனியே ஒரு பக்கத்தில் இடம் போட்டுக் கொடுங்கள். சபையில் பேசக் கூச்சப்பட்டால் முதல் நாளே நிலுவைப் பட்டியலோடு அவர்களுடைய குறிப்பையும் எழுதித் தரச் சொல்லி, கூட்டத்தில் அவர்களுடைய பெயரைச் சொல்லியே வாசியுங்கள். பெயரைச் சொல்லாமல் வாசித்தால் அது மெனேஜரின் கண்டுபிடிப்பாகி விடும், இதையும் கண்டிருக்கின்றேன்.

இங்கே மார்க்கப் பற்றுள்ள ஊழியர்களிடம் ஒரு தயக்கம் இருப்பதைக் குறிப்பிட வேண்டும். வாடிக்கையாளர் ஒருவரின் கடை நிலைமையைப் பற்றிச் சபையில் சொல்வது புறம் பேசுவதாகி விடாதா? நண்பரின் சாரதியும் பிறகு இதைத்தான் சொன்னாராம். "ஒரு மனிசன் கஷ்டப்படுறதப் போய் நான் எப்பிடிச் சொல்ற?" நல்ல மனிதர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் கிரந்தத்தில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துச் சொல்கின்றார்கள். தீங்கிலிருந்து மற்றவரை எச்சரிப்பதும், கொடுக்கல் வாங்கல் பற்றி ஆலோசனை கேட்கப்பட்டால் உள்ளதைச் சொல்வதும் அவற்றில் அடங்கும். விரிவான விளக்கத்தை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். அதே நேரம் அந்த அனுமதிக்கு எல்லையும் உண்டு. தேவையான அளவுதான் சொல்ல வேண்டும், சபையில் பேசியது சந்தியில் உள்ள தேநீர்க் கடைக்குப் போகக் கூடாது. அந்த வாடிக்கையாளர் உண்மையில் கஷ்டத்தில் இருந்தால் நேரில் போய்ப் பேசித் தவணை கொடுப்பதற்கும் இந்தத் தகவல்தான் உதவும். செக் திரும்பிய பிறகு இரு பக்கமும் கோபத்தில் இருக்கும்போது அதைப் பேச முடியாது.

ஊழியரின் குற்றங்குறைகளைக் கூட்டத்தில் பேசவே கூடாது. கல்லாவில் 500 ரூபா குறைந்தாலும் சரி, ஒருவர் தினமும் பிந்தி வந்தாலும் சரி, அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். பத்துப் பேருக்கு முன்னால் ஒருவரை அவமானப்படுத்தினால் அந்த ஒருவர் மட்டும் வாய் மூடுவதில்லை, பத்துப் பேரும் மூடிக் கொள்வார்கள். இதைச் சொன்னால் சில பழைய முதலாளிமார் "அப்பத்தான் மற்றவனுக்கும் பயம் வரும்" என்பார்கள். பயம் வரும் என்பது உண்மைதான். அந்தப் பயம்தான் நண்பருக்குப் பதினான்கு இலட்சத்தைத் தின்றது.

கலந்தாலோசிப்பதென்றால் கையுயர்த்தி வாக்கெடுப்பதென்று அர்த்தமில்லை. முதல் போட்டவர் முதலாளி, நட்டம் வந்தால் அவருடைய வீட்டுக்குத்தான் வரும், ஆகவே முடிவு அவருடையதுதான். எனினும் அவர்கள் சொன்னதற்கு மாறாக முடிவெடுத்தால் காரணத்தைச் சொல்லி விட வேண்டும். "நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள், நான் இன்னும் ஒரு தடவை பாதிச் சரக்கு அனுப்புகின்றேன், அவருடைய வாப்பா காலத்திலிருந்து பழக்கம்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் வேறு மாதிரிச் செய்தால் அடுத்த கிழமை எதற்காகப் பேசுவது என்று நினைப்பார்கள். உஹதுக்கு முன் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வதை விரும்பினார்கள். வெளியே செல்ல வேண்டும் என்று பலரும், குறிப்பாக இளைஞர்கள், ஆர்வப்பட்டபோது அதற்கு இணங்கினார்கள். கவசம் அணிந்து வந்த பிறகு அவர்கள் மனம் மாறித் திரும்பக் கேட்டபோது முடிவை மாற்றவில்லை. பேசும் வரை பேசலாம், முடிவான பிறகு எல்லோரும் அந்த முடிவின் பக்கம்தான். மெனேஜர் கூட்டத்தில் தலையாட்டி விட்டு ஸ்டோருக்குப் போய் "முதலாளிக்கு விளங்கல்ல" என்று சொல்லும் பழக்கம் ஆரம்பித்தால் அதையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

முடிவுகளை எழுத ஒரு கொப்பி வைத்திருங்கள். நீளமாக எழுதத் தேவையில்லை. என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் போதும். அடுத்த கூட்டத்தை ஸலவாத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியை வாசித்தே ஆரம்பிக்க வேண்டும். "நீலப் பேசன் பெட்டியை வாசலுக்குக் கொண்டு வந்து விலை குறைத்துப் போடுவது, சேல்ஸ் தம்பி, 15 ஆம் திகதி" என்று எழுதியிருந்தால், நடந்ததா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்து விடும். கொப்பியில் முதலாளியின் பெயரிலும் வேலைகள் இருக்க வேண்டும். அவர் செய்யாமல் விட்டதையும் சபையில் வாசிக்க வேண்டும். ஊழியர்கள் அதை எவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் என்பதைப் பாருங்கள்! இந்தக் கொப்பியை எழுதும் வேலையை மாதத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எழுதுகின்றவர் கட்டாயம் காது கொடுத்துக் கேட்பார். வட்ஸ்அப் குழுமத்தில் எல்லாவற்றையும் போட்டு விட்டால் போதாதா என்று இளைஞர்கள் கேட்கின்றார்கள். அறிவித்தல்களுக்கு அது நல்லது. ஆனால் வாடிக்கையாளரின் நிலைமை, செக் விடயங்கள் போன்றவற்றை அதில் போட்டால் ஒரு விரல் தட்டில் ஊர் முழுக்கப் போய் விடும்.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று கூட்டங்களில் யாரும் பேச மாட்டார்கள். மனம் சோர்ந்து பழையபடி நாமே பேச ஆரம்பித்து விடக் கூடாது. அந்த மௌனத்தைப் பொறுத்துக் கொண்டு இருக்க வேண்டும். முதலில் வருவது பெரும்பாலும் முறைப்பாடாக இருக்கும். ஃபேன் வேலை செய்யவில்லை, சாப்பாட்டு நேரம் போதாது, மேல்மாடியில் தண்ணீர் வருவதில்லை என்பார்கள். அவற்றில் ஒன்றையாவது அந்தக் கிழமையே செய்து கொடுங்கள். பேசினால் ஏதாவது நடக்கின்றது என்று கண்ட பிறகுதான் தட்டு வெறுமையாகக் கிடந்த கதையெல்லாம் வெளியே வரும்.

சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. நானா ஒன்றும் தம்பி ஒன்றுமாக ஊழியர்களுக்கு முன்னால் வாதாடினால் அடுத்த நாளே கடைக்குள் இரண்டு கட்சி உண்டாகி விடும். பங்காளிகள் முதல் நாள் இரவே தமக்குள் பேசித் தீர்த்துக் கொண்டு, செவ்வாய்க்கிழமை இருவரும் கேட்பவர்களாக மட்டும் உட்கார வேண்டும். வெளிநாட்டில் படித்து விட்டு வந்த மகன்மாருக்கும் இது பொருந்தும். படங்காட்டும் இயந்திரத்தை மாட்டி ஒரு மணித்தியாலம் விளக்கம் கொடுப்பதும் முதலாளி ஒன்றரை மணித்தியாலம் பேசுவதும் ஊழியர்களுக்கு ஒன்றுதான்.

பெருநாள் சரக்குக் கூட்டத்தை நம்மில் பலர் நோன்பு நெருங்கிய பிறகு, ஷஃபானில் வைக்கின்றோம். உள்ளூர்ச் சரக்குக்கு அது போதுமாக இருக்கலாம். சீனாவிலிருந்து சரக்கு எடுப்பவர்களுக்குப் போதாது. 2026 இலும் 2027 இலும் சீனப் புத்தாண்டும் நோன்பின் ஆரம்பமும் பெப்ரவரி மாதத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. புத்தாண்டை ஒட்டி அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக் கணக்கில் மூடிக் கிடக்கும், அதற்கு முந்திய மாதத்தில் கப்பலில் இடம் பிடிப்பதும் சிரமம். ஆகவே அந்தக் கூட்டத்தைச் செப்டெம்பரில், பிந்தினால் ஒக்டோபரில் வைத்து விடுங்கள். கடதாசியில் எழுதி ஒட்ட வேண்டிய கேள்விகள் இரண்டு: போன பெருநாளில் கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பியவர்கள் எதைக் கேட்டார்கள்? போன பெருநாள் சரக்கில் இன்னும் ஸ்டோரில் கிடப்பது எது? முதல் கேள்விக்குக் கவுண்டரில் நிற்பவர்கள் முதலில் பேசட்டும், இரண்டாவதற்கு ஸ்டோர்ப் பையன்.